சடக்

ஜனவரி 8

அன்புள்ள அண்ணா,

கால்பந்து புல்லில் விழும்போது 'டப்' என்று விழ வேண்டுமா, 'தொப்' என்று விழ வேண்டுமா என்ற கேள்விக்கு இன்று பிற்பகல் எங்கள் அலுவலகத்தில் இறுதி முடிவு காணப்பட்டது. 'தொப்' என்று விழும். இதற்காக அடுத்தடுத்துக் கூட்டங்கள் நடந்தன. ஒருவர் 'டப்'புக்கு ஆதரவாக வெளிநடப்புச் செய்தார். டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து கையெழுத்திட்டார். முடிவு இன்று மாலை முதல் அமலுக்கு வருகிறது. இதை உனக்குத் தெரிவித்த பிறகுதான் நலம் விசாரிக்கும் நிதானம் வந்தது. நீ, அண்ணி, அம்மா மூவரும் சுகமா? அம்மாவின் முழங்கால் படியேறச் சம்மதிக்கிறதா?

சினிமாச் சண்டைகளுக்குச் சத்தம் செய்துகொண்டிருந்த என்னை விளையாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு விளையாட்டுச் சேனல் எங்கள் கம்பெனிக்கு வந்து ஒரு குறையைச் சொன்னது. கோல் விழுந்ததும் அதை ஸ்லோ மோஷனில் திரும்பக் காட்டுகிறார்கள் அல்லவா, அப்போது சத்தம் ஒன்றும் இருப்பதில்லை. சத்தம் இல்லாவிட்டால் ஜனங்கள் ரிமோட்டைத் தேடுகிறார்கள். நிஜச் சத்தத்தையே மெதுவாக ஓட்டினால் போதாதா என்று நீ கேட்பாய். ஓட்டிப் பார்த்தோம். பதினோரு பேர் ஓடிவருவது, படியிறங்கத் தயங்கும் எருமை முனகுவதுபோல் கேட்டது. ஆகவே எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும்.

செய்வது கணினியில், சிந்தசைசர் என்ற மென்பொருளில். திரை முழுக்கத் திருகுகள். வெறும் இரைச்சலை எடுத்து, அதன் மேல்பகுதியை மெல்ல மெல்ல வடிகட்டினால் காற்று. அடியில் ஒரு தாழ்ந்த சுருதியைச் சரியவிட்டால் கனம். இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் மௌனத்தை விட்டால் பயம். இவற்றையெல்லாம் ஒரு கீபோர்டின் கட்டைகளில் ஏற்றி வைத்திருக்கிறேன். ரீப்ளே ஓட ஓட, திரையைப் பார்த்தபடி நான் அழுத்த வேண்டும். ஒரு கட்டை காலோடு வரும் காற்று, ஒரு கட்டை புல், ஒரு கட்டை பந்து. மேலதிகாரிக்கு டெசிபல் என்று பெயர் வைத்திருக்கிறோம். அவர் ரகசியம் சொன்னால் கீழ்த்தளத்தில் குறித்துக்கொள்வார்கள்.

தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவனுக்கு மின்னஞ்சல் அனுப்புவது, ஹோட்டல் முதலாளி வீட்டுக்குக் கேரியரில் சாப்பாடு எடுத்துப் போவதுபோல என்று நீ சொன்னதால் இதைத் தாளில் எழுதி, தபால் தலையும் ஒட்டுகிறேன். எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உன் தங்கை

ஜனவரி 19

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கசங்காமல் வந்தது. எங்கள் துறையின் நலம் அதிலேயே தெரியும். வீட்டிலும் நலம். அம்மா பத்துப் படி ஏறுகிறாள், பதினோராவதில் நின்று நம் அப்பாவை ஏன் கட்டிக்கொண்டோம் என்று யோசிக்கிறாள். உன் தொண்டை எப்படி இருக்கிறது? குளிர்சாதன அறையில் கழுத்துக்குத் துணி சுற்றிக்கொள்.

'தொப்' என்ற முடிவை நான் வரவேற்கிறேன். ஆனால் சில சந்தேகங்கள். காலுக்குக் காற்று உண்டா? பார்சல் பிரிவில் உட்கார்ந்திருக்கும் நேரம் போக, எத்தனையோ வருடங்களாக ஆட்டக்காரர்களின் கால்களுக்குப் பக்கத்தில்தான் விசிலோடு ஓடிக்கொண்டிருக்கிறேன். மூச்சிரைப்பு கேட்டிருக்கிறது. என் பிறப்பைப் பற்றிய சந்தேகங்கள் கேட்டிருக்கின்றன. காற்று கேட்டதே இல்லை. எந்தக் கால்களுக்கு அது வருகிறது? இடது கால்காரர்களுக்கு வேறு காற்றா? ஒருவன் காலில் இன்னொருவன் இடித்தால், அந்த இடிக்கும் நீதான் சத்தம் போடுகிறாயா? கடைசிக் கேள்வி தொழில் சம்பந்தப்பட்டது.

ஒரு சேதி. முதல்நிலை நடுவர் பட்டியலுக்கு இந்த வருடம் எங்கள் லீகிலிருந்து ஒருவரை எடுக்கிறார்கள். கமிட்டி என் பெயரையும் பரிசீலிக்கிறது. மார்ச்சில் அரையிறுதியை எனக்குத் தந்து பார்க்கப் போகிறார்கள். அடுத்த வருடம் எனக்கு வயது வரம்பு தாண்டிவிடும். எனவே இந்த ஒரு தடவைதான். பெரிய லீகில் நடுவருக்குத் திரும்பிப் பார்க்கத் திரை இருக்கிறது. எங்களுக்குக் கண்ணும் காதும்தான். கடைக்கார முதலாளி மாதிரி எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உன் வேலையை அண்ணியிடம் விளக்கினேன். "இதுக்குக் கூடவா சம்பளம் தர்றாங்க?" என்றாள். வாழ்த்துகிறாள் என்று எடுத்துக்கொள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்

பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணா,

தொண்டை சரியாகிவிட்டது. கழுத்தில் துணி சுற்றியதைப் பார்த்து டெசிபல், யாரிடமாவது அடி வாங்கினாயா என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரித்தார். முதல்நிலைப் பட்டியல் சேதியைப் படித்துவிட்டு என் பிரிவில் எல்லோருக்கும் சொன்னேன். நீ இன்னும் தேர்வாகவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

உன் கேள்விகள். காலுக்குக் காற்று கிடையாது. ஆனால் மெதுவாக வரும் கால் சத்தமில்லாமல் வந்தால், அது வரவில்லை என்றே மனசு நினைக்கிறது. இடிக்கும் நான்தான் சத்தம் போடுகிறேன். ஆனால் இடித்தால் மட்டும். கண் பார்த்ததைத்தான் நாங்கள் காதுக்குச் சொல்கிறோம். புதிதாக ஒன்றும் சொல்வதில்லை.

பூட்ஸ் ஷின் கார்டில் மோதும் சத்தத்துக்குத்தான் ரொம்பப் பாடுபட்டேன். முன்னங்கால் எலும்புக்கு மேல் கட்டும் அந்தப் பட்டையை வாங்கி வந்து மேசையில் தட்டிப் பார்த்தேன். 'பொத்' என்றது. டெசிபல் கேட்டுவிட்டு, "என்னம்மா, தலகாணி கீழ விழுந்த மாதிரி இருக்கு. யாருக்கும் வலிக்கவே இல்லையே" என்றார். பிறகு சிந்தசைசரில் உட்கார்ந்தேன். முதலில் ஊசி முனைபோல ஒரு துளி இரைச்சல். அது திறந்த வேகத்திலேயே மூடிவிட வேண்டும். அதன் வாலில் இரும்பும் இல்லாத, மரமும் இல்லாத ஒரு குட்டி அதிர்வு. அடியில் வேகமாகக் கீழே விழும் ஒரு சுருதி. மூன்றையும் ஒட்டியதும் 'சடக்' என்று கேட்டது. அறையில் இருந்த எல்லோரும் தங்கள் தங்கள் காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். கணக்குப் பிரிவுக்காரர் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் காலைத் தொட்டுப் பார்த்தார், பதற்றம்.

கீபோர்டில் அதற்கு வலதுகைச் சுண்டுவிரல் படும் இடத்தில் ஒரு கட்டை ஒதுக்கியிருக்கிறேன். அம்மாவிடம் சத்தம் நான் போடுவது என்று சொல்லாதே. டிவியில் வேறு எதெல்லாம் நான் செய்கிறேன் என்று கேட்பாள்.

அரையிறுதிக்கு முன்னால் முட்டிக்கு எண்ணெய் போட்டுக்கொள்.

தங்கை

மார்ச் 11

அன்புத் தங்கைக்கு,

உடல் நலம் என்று எழுதலாம். காதைப் பற்றி மட்டும் விசாரணை நடப்பதால் இப்போதைக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. நீ நலமா?

அரையிறுதியை நீ பார்த்திருப்பாய். இருந்தாலும் முறைப்படி எழுதுகிறேன். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. பச்சைச் சட்டைக்காரர்கள் ஒரு கோல் முந்தி இருந்தார்கள். வெள்ளைச் சட்டையின் முன்வரிசைக்காரன் பெனால்டிப் பெட்டிக்குள் பந்தோடு வந்தான். பச்சைச் சட்டைக்காரன் காலை நீட்டினான். வெள்ளைச் சட்டை விழுந்தான், நன்றாகவே விழுந்தான், கையைக்கூட அழகாக விரித்துக்கொண்டான். நான் ஐந்தாறு அடி தூரத்தில் இருந்தேன். கால் தொடவில்லை. ஒன்றும் கேட்கவில்லை. எழுந்திரு என்று கை காட்டினேன். வெள்ளைச் சட்டை தோற்றுப் போனது.

வீட்டுக்கு வந்தால் அம்மா டிவி முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். "எனக்கே இங்க கேட்டுச்சு. பக்கத்துல நின்ன உனக்கு எப்படிடா கேக்கல?" என்றாள். அப்போது ரீப்ளே மறுபடி வந்தது. கால் மெதுவாக வந்தது, காற்றோடு வந்தது. பிறகு 'சடக்'. அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, யாருக்கு என்ன உடைந்தது என்று கேட்டாள்.

மறுநாள் பார்சல் பிரிவுக்குப் போனேன். நான் உட்கார்ந்ததும் முத்திரை குத்துகிறவர் ஓங்கி ஒரு குத்துக் குத்திவிட்டு, "இதாவது கேட்டுச்சா, சார்?" என்றார். இப்போது என் பெயர் சடக். தெருவில் பந்து விளையாடும் பிள்ளைகள் நாக்கை மேலண்ணத்தில் தட்டிக் கூப்பிடுகிறார்கள். உண்மையைச் சொன்னால் சத்தம் ஏறக்குறைய ஒத்துப் போகிறது.

கமிட்டியிலிருந்து கடிதம் வந்தது. காதைப் பரிசோதித்துச் சான்றிதழ் தர வேண்டும். விசாரணை முடியும்வரை மைதானத்தில் இறங்கக் கூடாது. பட்டியல் ஜூனில் வெளியாகும்.

வெயில் ஏறுகிறது. தண்ணீர் நிறையக் குடி.

அண்ணன்

ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணா,

பதில் தாமதமானதற்குத் தபால் துறை காரணம் அல்ல. வேலை அதிகம். நீ காதைப் பற்றிக் கவலைப்படாதே. அம்மாவும் அண்ணியும் நலம் என்று நம்புகிறேன். இங்கே வெயில் அவ்வளவு இல்லை.

காதைப் பற்றி ஒரு விஷயம். பெரிய இரைச்சல் இருக்கும் இடத்தில் குட்டிச் சத்தங்கள் அதற்குள் மூழ்கிப் போகும். எங்கள் தொழிலில் இது பால பாடம். கூட்டம் கத்தும்போது ஆயிரம் சுருதிகள் ஒன்றாக வருகின்றன. அவற்றின் மேல் விழும் துளிச் சத்தம் காதுக்குள் போயும் போகாமலும் இருக்கும். ஆகவே ஒரு மனிதன் அதைக் கேட்காமல் இருப்பது இயற்கை. அது அவன் குற்றம் அல்ல. இதைப் பற்றி நல்ல புத்தகங்கள் இருக்கின்றன. வேண்டுமானால் பார்சலில் அனுப்புகிறேன்.

எனக்கு வேலை நிரந்தரம் ஆகிவிட்டது. புது நாற்காலி தந்திருக்கிறார்கள். அதற்குக் கைப்பிடிகள் உண்டு. உயரத்தை ஏற்றலாம், இறக்கலாம். இதைத் தவிர வேறு சேதி இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், அண்ணா.

தங்கை

ஏப்ரல் 15

அன்புத் தங்கைக்கு,

வேலை நிரந்தரமானதில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மா கைப்பிடியைப் பற்றி மூன்று வீடுகளில் சொல்லிவிட்டு வந்தாள். நான் நலம், காதும் நலம் என்று இப்போது எழுத்துபூர்வமாகச் சொல்ல முடியும்.

காது டாக்டர் என்னை ஓர் அலமாரிக்குள் உட்கார வைத்தார். தலையில் ஒரு கருவி, கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். முடிந்ததும், சத்தம் வராதபோது எப்போதாவது அழுத்தினேனா என்று ஆர்வத்தில் கேட்டேன். ஒரு தடவைகூட இல்லையாம். "நெறைய பேரு அழுத்திடுவாங்க, சார். பொய் சொல்றாங்கன்னு இல்ல. அடுத்த சத்தம் வந்தாகணும்னு விரல் தானா போயிடும்" என்றார். சுவாரசியமான மனிதர்.

உன் பால பாடத்தையும் யோசித்தேன். சத்தம் மூழ்கியிருக்கலாம். அப்படியானால் அது என்ன சத்தம் என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை செய்தோம். நான் ஷின் கார்டு கட்டிக்கொண்டு நின்றேன். அண்ணி என் பழைய பூட்ஸை மாட்டிக்கொண்டு உதைத்தாள். இதற்கு அவளை நான் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. 'பொத்' என்று கேட்டது. பக்கவாட்டில் உதைக்கச் சொன்னேன், பொத். ஓடிவந்து உதைக்கச் சொன்னேன். பொத். போதும் என்றேன், சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிய வேண்டும் என்று அவள் இன்னும் கொஞ்சம் உதைத்தாள். ஒரு தடவைகூட 'சடக்' வரவில்லை. அம்மா கதவோரம் நின்று பார்த்துவிட்டு, எங்கள் இருவருக்கும் நடுவில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டாள்.

நீ இந்தத் தொழிலில் இருப்பதால் கேட்கிறேன். உலகத்தில் எந்தப் பொருள் எந்தப் பொருள்மேல் மோதினால் 'சடக்' என்று கேட்கும்? அவசரம் இல்லை. தோன்றும்போது எழுது.

நாற்காலி உயரத்தைக் கண்டபடி ஏற்றாதே, முதுகு வலிக்கும்.

அண்ணன்

மே 20

அன்புத் தங்கைக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. தேடிப் பார்த்தேன், எங்கள் பிரிவில் எதுவும் தவறவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இங்கு நலம், என் காலில் நீலம் பாய்ந்த இடங்கள் ஆறிவிட்டன.

விசாரணை அடுத்த மாதக் கடைசியில். கமிட்டிச் செயலாளர் நல்ல மனிதர். தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். கூட்டத்தின் கூச்சலில் எனக்குக் கேட்கவில்லை, தவறு நடந்துவிட்டது, வருந்துகிறேன் என்று எழுதித் தந்தால் பழைய லீகிலேயே தொடர விடுவார்களாம். பட்டியல் இருக்காது, விசில் இருக்கும். அடம் பிடித்தால் இரண்டும் இருக்காது. நீ எழுதிய பால பாடத்தை அப்படியே எடுத்துப் போட்டு ஒரு வரைவு தயார் செய்திருக்கிறேன். நல்ல நடை, உன்னுடையது.

நேரம் கிடைக்கும்போது நலத்தை மட்டுமாவது ஒரு வரி எழுது.

அண்ணன்

பின்குறிப்பு, நான் அண்ணி. போஸ்ட் பண்ணச் சொல்லி என்கிட்ட குடுத்தாரு, பிரிச்சு எழுதறேன். இங்க பாரு, உங்கண்ணன் கேக்க மாட்டாரு. கேட்டா தங்கச்சி மனசு நோகும்பாரு. எனக்கு அந்தக் கஷ்டம் இல்ல, நான் நாத்தனார்கிட்ட கேக்கறேன். அந்த சடக் உன்னோடதா? ஆமாவா, இல்லையா, ஒரு வார்த்த எழுது. காது, பாடம், புஸ்தகம் எல்லாம் வேண்டாம். ராத்திரி பகல்னு பாக்காம மனுஷன் கண்ண மூடிட்டு உக்காந்திருக்காரு.

மே 28

அன்புள்ள அண்ணா,

நான் நலம். அண்ணிக்குப் பதில்: ஆமாம்.

அந்த ரீப்ளே என் திரைக்கு வந்தபோது நான் அதை முதல் தடவையாகப் பார்க்கிறேன். கால் புறப்பட்டது, காற்றுக் கட்டையை அழுத்தினேன். கால் நெருங்கியது, சுருதியைச் சரியவிட்டேன். அவன் விழத் தொடங்கினான். விழுகிறவன் சும்மாவா விழுவான் என்று சுண்டுவிரல் முடிவு செய்துவிட்டது. நடுவர் நீ என்று எனக்குத் தெரியும். திரையின் ஓரத்தில் உன் வழுக்கை தெரிந்தது. உன்னைப் பார்த்துச் சிரித்தபடிதான் அழுத்தினேன்.

டெசிபல் வந்து, "அடிச்சே பாரு ஒண்ணு, எனக்கே கால் வலிக்குது" என்று தோளில் தட்டினார். நிரந்தர ஆணையில் அந்த ஒரு சத்தத்தைத்தான் குறிப்பிட்டிருக்கிறார்கள். உன் கடிதங்கள் வந்தால் பிரிப்பதற்கு முன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன், கேட்டிருக்கிறாயா என்று. ஒவ்வொன்றிலும் நீ கேட்கவில்லை. அது, கேட்பதைவிடச் சத்தமாக இருந்தது.

அந்த வரைவைக் கொடுக்காதே. கமிட்டிக்கு நான் எழுதுகிறேன்.

அம்மாவிடம் இப்போது சொல்லலாம்.

தங்கை

ஜூன் 4

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் கடிதத்தை அண்ணி வாங்கி முதலில் படித்துவிட்டாள். இனி உன் கடிதங்களுக்கு அவளும் விலாசதாரர் என்கிறாள். துறை விதிகளின்படி அது செல்லாது.

எனக்கு அரையிறுதி அன்று மாலையே தெரியும். நீ பிப்ரவரியில் எழுதியது மறக்கவில்லை. இரும்பும் இல்லை, மரமும் இல்லை. உன்னிடம் கேட்காததற்குப் பெருந்தன்மை காரணம் அல்ல. கேட்டால் நீ சொல்வாய். நீ சொன்னால் நான் கமிட்டியிடம் சொல்ல வேண்டும். அங்கே சொன்னால் உன் நாற்காலி போகும். கேட்காதவரை ஒன்றும் நடக்காது என்று கணக்குப் போட்டேன். நீ கமிட்டிக்கு எழுதாதே. வயது முடிந்த பிறகு எப்படியும் நான் விசிலைக் கழற்றி மாட்ட வேண்டியவன்தான். உனக்கு இப்போதுதான் கைப்பிடி கிடைத்திருக்கிறது.

அம்மாவிடம் சொன்னேன். "அவ சத்தம் போட்டிருந்தான்னா சும்மாவாடா போட்டிருப்பா? தொட்டிருப்பான்" என்றாள்.

எனக்கு உன்னிடமிருந்து வேண்டியது ஒன்றுதான். நான் அதை ஒரே ஒரு தடவை, வேகமாகப் பார்த்தேன். நீ மெதுவாகப் பார்த்தாய். தொட்டானா? விரல் சொன்னது வேண்டாம், கண் சொல்லட்டும். ஏன் கேட்கிறேன் என்றால், இப்போதெல்லாம் எனக்கும் கேட்கிறது. மைதானத்தை நினைத்தால் கால் வருகிறது, சடக் என்கிறது. முன்பு அந்த இடத்தில் ஒன்றும் இல்லை என்பது ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்த ஒன்றும் இல்லாததை இப்போது என்னால் கேட்க முடியவில்லை. விசாரணையில் சத்தியம் செய்து சொல்ல வேண்டும். எதைச் சொல்வது?

உடம்பையும் விரலையும் பார்த்துக்கொள்.

அண்ணன்

ஜூன் 21

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் சுகமா? நான் சுகம், இன்று நன்றாகத் தூங்கி எழுந்தேன்.

உன் கேள்விக்குப் பதில். ஸ்பீக்கர் கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு படமாக நகர்த்தினேன். பூட்ஸுக்கும் அவன் காலுக்கும் நடுவில் புல் தெரிகிறது. பச்சையாக, ஒரு தீப்பெட்டி நிற்கும் அகலத்துக்கு. அவை எந்தப் படத்திலும் சேரவில்லை. நீ பார்த்ததுதான் சரி. கேட்காததும் சரி.

கம்பியைத் திரும்பச் செருகிப் பார்த்தேன். எனக்கு அது தொட்டது. நான் செய்த சத்தம், எந்தத் திருகை எவ்வளவு திருகினேன் என்பது வரை தெரியும், அப்படியும் தொட்டது.

நீ எழுதாதே என்று சொன்னபடி நான் கமிட்டிக்கு எழுதவில்லை. நேரில் போனேன். உன்னைக் கூப்பிடுவதற்கு ஒரு வாரத்துக்கு முன்பே என் நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கீபோர்டை எடுத்துக்கொண்டு போனேன். முதலில் சத்தமில்லாமல் ஓட்டினேன். நீள மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் தொடவில்லை என்றார்கள். அடுத்துக் கட்டையை அழுத்தினேன். எல்லோரும் தொட்டது என்றார்கள். இரண்டும் ஒரே படம் என்றேன். இல்லை, இரண்டாவதில் கால் கொஞ்சம் தள்ளி வந்தது என்றார் ஒருவர். பிறகு அதே இடத்தில் கண்ணாடி உடையும் சத்தத்தைப் போட்டேன். பொருளாளர் எழுந்து, "மைதானத்துல கண்ணாடியை யார் போட்டது? இது பாதுகாப்புப் பிரச்சின" என்றார்.

அதற்குப் பிறகு யாரும் உன்னைப் பற்றிப் பேசவில்லை, அண்ணா. சினிமாவில் எலும்பு முறிவதற்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். மழை செய்ய வருமா என்றார்கள். செய்தேன். பொருளாளர் ஜன்னலைப் பார்த்தார். செயலாளர் அறையின் குறுக்கே மெதுவாக நடந்து காட்டி, தன் நடைக்குச் சத்தம் போடச் சொன்னார். போட்டேன். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு இன்னொரு தடவை நடந்தார். வெளியே வரும்போது, இவ்வளவு தெளிவாக எந்தச் சாட்சியும் பேசியதில்லை என்றார்.

சேனலுக்கு விஷயம் போய்விட்டது. என்னைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை முதல் மறுபடி சினிமாச் சண்டை. அங்கே அடிக்கிறவன் அடிப்பதும் கிடையாது, வாங்குகிறவன் வாங்குவதும் கிடையாது. எல்லோரும் ஒப்புக்கொண்டு விழுகிறார்கள். நாற்காலி, அடுத்து வருகிறவருக்கு. ஸ்லோ மோஷன் சத்தங்கள் தொடரும்.

உன் முறை வந்து நீ உள்ளே போகும்போது கேட்டதைச் சொல்லாதே, பார்த்ததைச் சொல். முடிந்ததும் எழுது. அம்மாவுக்கு முத்தம், அண்ணிக்கு என் காலை உதைக்க அனுமதி.

தங்கை

ஆகஸ்ட் 17

அன்புத் தங்கைக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சுகம். உன் முதுகு பழைய நாற்காலிக்குப் பழகிவிட்டதா?

பார்த்ததைச் சொன்னேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவர்களுக்கு உன்னைப் பற்றித்தான் கேட்க வேண்டியிருந்தது. மழையை எப்படிச் செய்தாய் என்று என்னிடம் விசாரித்தார்கள். இரைச்சலை வடிகட்டினால் வரும் என்றேன். குடும்பமே அப்படியா என்றார் செயலாளர்.

தீர்ப்பு போன மாதம் வந்தது. நடுவரின் கண்ணிலும் காதிலும் குறை இல்லை. அரையிறுதி முடிவில் மாற்றம் இல்லை. முதல்நிலைப் பட்டியல் விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே வெளியாகிவிட்டதால் அதிலும் மாற்றம் இல்லை. அம்மா கடைசிவரை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அப்ப ஜெயிச்சோமா, தோத்தோமா?" என்றாள். அண்ணி அந்தத் தாளை வாங்கி அவளுக்கு மட்டும் தெரிந்த இடத்தில் வைத்துவிட்டாள்.

இன்னொரு தீர்மானமும் இருக்கிறது. நீ காட்டியதிலிருந்து கமிட்டிக்கு ஒன்று தெளிவாகிவிட்டதாம். பார்வையாளர்கள் வீட்டில் கேட்கும் சத்தத்துக்கும், ஆட்டக்காரர்கள் மைதானத்தில் எழுப்பும் சத்தத்துக்கும் பொருத்தம் இல்லை. நடுவர்கள் குழம்புவதற்கு இதுவே காரணம். ஆகவே இந்தப் பருவம் முதல் எல்லா ஷின் கார்டுகளிலும் உள்ளே ஒரு மெல்லிய தகடு இருக்க வேண்டும்; பூட்ஸ் பட்டால் 'சடக்' என்று கேட்க வேண்டும். கேட்கிறதா என்று ஆட்டத்துக்கு முன்னால் ஒருவர் தட்டிப் பார்த்துச் சான்று தர வேண்டும். காது பரிசோதனைச் சான்றிதழ் வைத்திருப்பவர் நான் ஒருவன்தான் என்பதால் என்னை நியமித்திருக்கிறார்கள். விசிலைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஒரு மரக்குச்சி கொடுத்தார்கள்.

மழைக்காலம் வருகிறது. காதில் தண்ணீர் போகாமல் குளி.

உன் அண்ணன்

பி.கு.: நேற்று முதல் ஆட்டம். நான்கு ஷின் கார்டுகளைத் திருப்பி அனுப்பினேன். அவை 'பொத்' என்றன.